ஒரு சொட்டு மருந்தால் உலகப் புகழ் பெற்ற வாலிபர்

கண்ணில் ஒரு சிறு தூசி விழுந்தால் போதும், துடித்துப் போகிறோம். கண்ணைக் கசக்குகிறோம். தண்ணீர் கொட்டுகிறது. தூசி வெளியே வரும்வரை வேறு நினைவே இல்லை.

தூசிக்கே இப்படி என்றால், அந்தக் கண்ணில் கத்தி வைத்தால் எப்படி இருக்கும்?

சுமார் 140 ஆண்டுகளுக்கு முன்புவரை அப்படித்தான் வைத்தார்கள். கண்புரை வந்து பார்வை மங்கியவர்கள் டாக்டரிடம் போனால், அவர்களை நாற்காலியில் உட்கார வைப்பார்கள், அல்லது கட்டிலில் படுக்க வைப்பார்கள். பலசாலியான ஆட்கள் தலையையும் கைகளையும் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். டாக்டர் கத்தியைக் கண்ணுக்குள் செலுத்துவார். நோயாளி அலறுவார். அவர் தலையை அசைத்துவிட்டால் கண் போய்விடும்.

இன்று நிலைமை வேறு. கண்புரை ஆபரேஷனுக்கு முன் டாக்டர் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறார். சிலருக்குக் கண்ணைச் சுற்றி ஊசி போடுகிறார். சற்று நேரத்தில் கண் மரத்துவிடுகிறது. நோயாளி விழித்தபடி படுத்திருக்க, ஆபரேஷன் முடிந்துவிடுகிறது. பெரும்பாலோர் அன்றே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இந்த நன்மைக்கு வழி காட்டியவர் யார்? பெயர் பெற்ற பேராசிரியரா? இல்லை. ஆஸ்பத்திரியில் தங்கி வேலை பழகிக்கொண்டிருந்த 26 வயது வாலிபர். அவர் பெயர் கார்ல் கோலர்.

அவர் ஆசைப்பட்டது ஒரே ஒரு வேலைக்குத்தான். அவர் கண்டுபிடித்ததை உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த வேலை மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை!

சட்டம் வேண்டாம், வைத்தியம் வேண்டும்

கார்ல் கோலர் 1857-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி பிறந்தார். அவர் பிறந்த ஊர் பொஹீமியா நாட்டில் ஒரு சிறு பட்டணம். அப்பொழுது அது ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. இப்பொழுது செக் நாட்டில் இருக்கிறது.

கோலரின் பெற்றோர் யூத மதத்தினர். தந்தை வியாபாரி. சிறு வயதிலேயே கோலர் தாயை இழந்தார். பிறகு குடும்பம் தலைநகரமான வியன்னாவுக்கு வந்தது.

கோலர் முதலில் சட்டம் படித்தார். ஓர் ஆண்டு படித்ததும் அது பிடிக்கவில்லை. வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஸ்டிரிக்கர் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. முட்டைக்குள் கோழிக் கரு எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்து, மாணவராக இருக்கும்பொழுதே நல்ல பெயர் எடுத்தார்.

1882-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஆஸ்பத்திரியே வீடு

பட்டம் வாங்கினால் மட்டும் கண் டாக்டர் ஆகிவிட முடியுமா? முடியாது. புத்தகத்தில் படித்தது வேறு, நோயாளியின் கண்ணில் கை வைப்பது வேறு. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து, தேர்ந்த டாக்டரின் பக்கத்தில் நின்று, ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். இன்றும் அப்படித்தான். நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்பை முடித்தவர் கண் வைத்தியத்தில் எம்.எஸ். பட்டம் பெற, மேலும் 3 ஆண்டுகள் ஆஸ்பத்திரியில் இரவு பகலாகப் பயிற்சி பெற வேண்டும்.

அந்தக் காலத்தில் இத்தகைய பயிற்சிக்குப் பேர் போன இடம் வியன்னா பொது ஆஸ்பத்திரி. சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப் 1784-ல் அதைத் திறந்து வைத்தார். ஆஸ்பத்திரி என்பதைவிட ஒரு சிறு ஊர் என்றே சொல்லலாம். முற்றம் முற்றமாகக் கட்டடங்கள். பல நாடுகளிலிருந்து டாக்டர்கள் அங்கே வந்து பாடம் கேட்டார்கள்.

இளம் டாக்டர்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே அறை எடுத்துத் தங்குவார்கள். நோயாளிகளைப் பார்ப்பது, குறிப்பு எழுதுவது, கட்டுப் போடுவது, இரவில் வரும் அவசர நோயாளிகளைக் கவனிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. சம்பளம் மிகக் குறைவு. முதலில் சம்பளமே இல்லாமல் வேலை செய்தவர்களும் உண்டு.

இப்படி உழைத்தவர்களில் ஒருவரைப் பேராசிரியர் தம் உதவி டாக்டராக எடுத்துக்கொள்வார். அந்த இடம் கிடைத்துவிட்டால் பிறகு கவலையில்லை. பேராசிரியரோடு ஆபரேஷன் செய்யலாம். நாளைக்குத் தாமே பேராசிரியர் ஆகலாம். ஆகவே, அந்த ஓர் இடத்துக்குப் பலர் காத்திருப்பார்கள்.

கோலரின் கனவும் அதுதான். கண் பிரிவில் உதவி டாக்டர் ஆக வேண்டும்!

குருவின் குறை

வியன்னாவின் கண் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் பேராசிரியர் ஆர்ல்ட். ஐரோப்பா முழுவதும் தெரிந்த நிபுணர். கண் ஆபரேஷனுக்கு ஏற்ற மருந்து ஒன்று இல்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. அதைக் கோலரிடம் சொன்னார்.

மயக்க மருந்துதான் வந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 1846-ல் அமெரிக்காவில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் ஆபரேஷன் செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே குளோரோபாரமும் வந்தது. காலை வெட்டவும் கட்டியை அறுக்கவும் அவை உதவின.

ஆனால் கண்ணுக்கு அவை சரிப்படவில்லை. ஏன்?

மயங்கிக் கிடக்கும் நோயாளியை மேலே பார், கீழே பார் என்று டாக்டர் சொல்ல முடியாது. கண் ஆபரேஷனுக்கு அது தேவை. மேலும், மயக்கம் தெளிந்ததும் வாந்தி வரும். நோயாளி முக்கி முனகி வாந்தி எடுத்தால், அப்பொழுதுதான் அறுத்த கண் பிளந்துகொள்ளும். அந்தக் காலத்தில் கண்புரை ஆபரேஷனுக்குத் தையல் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. டாக்டர் செய்த வேலை எல்லாம் ஒரு நொடியில் பாழாகிவிடும். ஆகவே பல கண் டாக்டர்கள் மயக்க மருந்தைத் தொடுவதே இல்லை.

மனிதன் விழித்திருக்க வேண்டும். கண் மட்டும் மரத்திருக்க வேண்டும். அப்படி ஒரு மருந்து கிடைக்குமா?

கோலர் தேட ஆரம்பித்தார். மிருகங்களின் கண்ணில் மார்பியாவை விட்டுப் பார்த்தார். புரோமைடை விட்டுப் பார்த்தார். குளோரல் என்ற தூக்க மருந்தையும் விட்டுப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. சோதனையை நிறுத்திவிட்டார். ஆனால் அந்த எண்ணம் மட்டும் அவர் மனத்தின் ஒரு மூலையில் இருந்துகொண்டே இருந்தது.

நாக்கு மரத்தது

அதே ஆஸ்பத்திரியில் இன்னோர் இளம் டாக்டர் தங்கியிருந்தார். கோலருக்கு நண்பர். பிற்காலத்தில் மனநோய் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற சிக்மண்ட் பிராய்டுதான் அவர்.

1884-ல் பிராய்டு கொக்கேன் என்ற பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார். தென் அமெரிக்காவில் மலைவாசிகள் கோகா என்ற இலையை மெல்லுவார்கள். களைப்பும் பசியும் தெரியாமல் இருக்க அது உதவும். அந்த இலையிலிருந்து எடுக்கும் வெள்ளைப் பொடியே கொக்கேன். 1860-ல் ஜெர்மனியில் நீமான் என்பவர் அதைப் பிரித்து எடுத்தார். நாக்கில் வைத்தால் நாக்கு மரத்துப்போகிறது என்று அவரே எழுதினார்.

பிராய்டும் தம் கட்டுரையின் கடைசியில், மரக்கச் செய்யும் இந்தக் குணம் வேறு காரியங்களுக்கும் பயன்படலாம் என்று குறிப்பிட்டார். பிறகு அந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு வெளியூருக்குப் புறப்பட்டார். தமக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணைப் பார்த்து நீண்ட நாள் ஆகிவிட்டது என்பதே காரணம்!

ஆக, கொக்கேன் நாக்கை மரக்கச் செய்யும் என்பது 24 ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. ருசி பார்த்த டாக்டர்கள் எல்லாரும் அதை உணர்ந்தார்கள். உணர்ந்ததோடு சரி.

ஒரு நாள் கோலரும் உடன் வேலை பார்த்த டாக்டர் ஒருவரும் கொக்கேனைச் சிறிது ருசி பார்த்தார்கள். நாக்கு மரத்துவிட்டதே என்று அந்த டாக்டர் வியப்பாகச் சொன்னார். ஆமாம், எல்லாருக்கும் அப்படித்தான் என்று கோலர் பதில் சொன்னார். சொன்ன அந்த நொடியிலேயே, மூலையில் கிடந்த பழைய எண்ணம் எழுந்து நின்றது.

நாக்கு மரத்தால் கண் மரக்காதா?

கோலர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு விரைந்தார்.

தவளையின் கண்

ஸ்டிரிக்கரின் ஆராய்ச்சிக் கூடத்தில் அப்பொழுது கார்ட்னர் என்ற உதவியாளர் இருந்தார். கோலர் சட்டைப் பையிலிருந்து சிறு குப்பியை எடுத்தார். வெள்ளைப் பொடியில் கொஞ்சத்தைத் தண்ணீரில் கரைத்தார். ஒரு தவளையைப் பிடித்து, அதன் ஒரு கண்ணில் மட்டும் சொட்டு விட்டார்.

சாதாரணமாகத் தவளையின் கண்ணைத் தொட்டால் துள்ளும். முதலில் துள்ளியது. ஒரு நிமிஷம் போல் ஆயிற்று. பிறகு கண்ணைத் தொட்டார்கள். தவளை அசையவில்லை. ஊசியால் கீறினார்கள். அப்பொழுதும் அசையவில்லை. மருந்து விடாத மற்றக் கண்ணை லேசாகத் தொட்டார்கள். உடனே துள்ளிக் குதித்தது!

அடுத்து முயலுக்கும் நாய்க்கும் விட்டுப் பார்த்தார்கள். அவையும் அசையவில்லை.

இனி மனிதன் பாக்கி. அதற்கு ஆள் தேடவில்லை. கோலரும் கார்ட்னரும் ஒருவர் கண்ணில் ஒருவர் மருந்தை விட்டுக்கொண்டார்கள். கண்ணாடி முன் நின்றார்கள். குண்டூசியை எடுத்து அதன் தலையால் தங்கள் கருவிழியைத் தொட்டார்கள்.

இருவருக்கும் ஒன்றுமே தெரியவில்லை. இருவரும் ஆனந்தக் கூச்சல் போட்டார்கள்.

மருந்து எப்படி வேலை செய்கிறது? நம் உடம்பில் எங்கே அடி பட்டாலும் நரம்பு அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டு போகிறது. மின்சாரக் கம்பி போல என்று வைத்துக்கொள்ளலாம். கொக்கேன் அந்தக் கம்பியைச் சிறிது நேரம் வேலை செய்யாமல் நிறுத்துகிறது. செய்தி போய்ச் சேராவிட்டால் வலி ஏது?

ரயில் செலவுக்குப் பணமில்லை

1884 செப்டம்பர் 15-ந் தேதி ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் கண் டாக்டர்கள் மகாநாடு நடந்தது. பல நாட்டு நிபுணர்கள் கூடியிருந்தார்கள். தாம் கண்டுபிடித்ததைச் சொல்ல அதைவிட நல்ல இடம் ஏது?

ஆனால் கோலரால் போக முடியவில்லை. கையில் பணமில்லை! டிரியெஸ்ட் நகரத்து டாக்டர் பிரெட்டாவர் என்பவர் அந்த வழியாகப் போனார். கோலர் தம் கட்டுரையை அவரிடம் கொடுத்து அனுப்பினார். பிரெட்டாவர் அதை மகாநாட்டில் படித்தார். ஒரு நோயாளியின் கண்ணில் சொட்டு மருந்து விட்டும் காட்டினார்கள். கூடியிருந்த நிபுணர்கள் அசந்துபோனார்கள்.

செய்தி காட்டுத் தீ போலப் பரவியது. அடுத்த மாதமே அமெரிக்காவின் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. அக்டோபர் 17-ந் தேதி வியன்னா டாக்டர்கள் சங்கத்தில் கோலரே நேரில் பேசினார். கொக்கேன் மீது தம் கவனம் திரும்பக் காரணம் பிராய்டின் கட்டுரை என்பதை அவர் மறைக்கவில்லை.

வியன்னாவில் கோனிக்ஸ்டைன் என்ற கண் டாக்டரும் அதே மருந்தைச் சோதித்துவந்தார். முதலில் கண்டவர் யார் என்ற பேச்சு எழுந்தது. பிராய்டு நடுவில் நின்று சமாதானம் செய்தார். கோலரே முதல்வர் என்பதைக் கோனிக்ஸ்டைன் ஒப்புக்கொண்டார்.

இவ்வளவு பெயர் எடுத்த பிறகு உதவி டாக்டர் வேலை கிடைக்காமல் போகுமா என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஒரு விரலால் வந்த சண்டை

1885 ஜனவரி மாதம். ஆஸ்பத்திரியில் கோலர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் காயம் பட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ரத்தம் நிற்பதற்காக ரப்பரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டு அளவுக்கு மேல் இறுகியிருந்தது. அப்படியே விட்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் அழுகிவிடும். கட்டைத் தளர்த்த வேண்டும் என்றார் கோலர்.

அங்கே ஜின்னர் என்ற இன்னோர் இளம் டாக்டர் இருந்தார். பேர் பெற்ற பேராசிரியர் பில்ரோத்தின் பிரிவைச் சேர்ந்தவர். இந்த நோயாளி எங்கள் பிரிவுக்கு உரியவர், நீ கை வைக்காதே என்று அவர் தடுத்தார். கோலர் கேட்கவில்லை. விரல்தான் அவருக்கு முக்கியம். கட்டைத் தளர்த்தினார்.

ஜின்னருக்குக் கோபம் வந்தது. எல்லார் முன்னிலும் கோலரின் யூதப் பிறப்பைச் சொல்லி இழிவாகத் திட்டினார். மறு நொடி கோலரின் கை ஜின்னரின் முகத்தில் விழுந்தது!

இந்த மாதிரிச் சண்டையை வாளால் தீர்ப்பது அந்நாட்டு வழக்கம். சட்டம் அதைத் தடுத்திருந்தும் வழக்கம் போகவில்லை. ஜின்னர் துவந்த யுத்தத்துக்கு அழைத்தார். மறுத்தால் கோழை என்பார்கள். கோலர் வாள் சண்டையில் பழக்கம் இல்லாதவர். நண்பர்கள் கவலையோடு காத்திருந்தார்கள்.

நடந்தது வேறு. ஜின்னருக்குத் தலையிலும் கையிலும் வெட்டுக் காயம். கோலர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை!

நண்பர்கள் மகிழ்ந்தார்கள். பிராய்டும் மகிழ்ந்தார். ஆனால் மேலிடத்தில் யாரும் மகிழவில்லை.

கதவு அடைபட்டது

அந்த ஆண்டு வசந்த காலத்தில் பிராய்டின் தந்தைக்குக் கண்ணில் அழுத்த நோய் வந்தது. கோனிக்ஸ்டைன் ஆபரேஷன் செய்தார். கண்ணை மரக்கச் செய்தவர் கோலர். பிராய்டும் கூடவே இருந்தார். கொக்கேன் கதையில் பங்கு பெற்ற மூவரும் ஒரு முதியவரின் கண்ணைக் காக்க ஒன்று சேர்ந்தார்கள். அவருக்கு வலி தெரியவில்லை.

கோலருக்குத்தான் வலி. அவர் காத்திருந்த உதவி டாக்டர் இடம் அவருக்கு வரவில்லை. அவர் எதையும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். பெரியவர்களை அனுசரித்துப் போகத் தெரியாதவர். அதோடு யூதர். அப்பொழுது வியன்னாவில் யூதர்கள் மீது வெறுப்பு வளர்ந்துவந்தது. துவந்த யுத்தம் வேறு சேர்ந்துகொண்டது. திறமை ஒரு பக்கம் இருக்க, கதவு அடைபட்டது.

வேறு யாராவது இருந்தால் மனம் உடைந்து படிப்பையே விட்டிருப்பார்கள். கோலர் படிப்பை விடவில்லை. ஊரைத்தான் விட்டார்.

1885-ல் அவர் ஹாலந்து நாட்டின் உட்ரெக்ட் நகருக்குப் போனார். அங்கே டாண்டர்ஸ், ஸ்னெல்லன் என்ற இரு பெரிய கண் நிபுணர்கள் இருந்தார்கள். கண் டாக்டரிடம் போனால் சுவரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக ஓர் அட்டை தொங்குமே, அதை 1862-ல் வெளியிட்டவர் இந்த ஸ்னெல்லன்தான். சொந்த ஊர் கொடுக்காத இடத்தை அவர்கள் கொடுத்தார்கள். கோலர் 2 ஆண்டுகள் அங்கே உதவி டாக்டராக வேலை செய்து தம் பயிற்சியை நிறைவு செய்தார்.

1888-ல் கப்பல் ஏறி அமெரிக்கா போனார். நியூயார்க் நகரில் கண் வைத்தியம் தொடங்கினார். மவுண்ட் சைனாய் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் கண் நோயாளிகளைக் கவனித்தார். திருமணம் செய்துகொண்டார். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள். 1922-ல் அமெரிக்கக் கண் டாக்டர்கள் சங்கம் ஹோவ் பதக்கம் என்ற விருதின் முதல் பதக்கத்தைக் கோலருக்கு வழங்கியது. நோபல் பரிசுக்கும் அவர் பெயரைச் சொன்னார்கள். ஆனால் கிடைக்கவில்லை.

1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தான். கிழப் பருவத்தில் பிராய்டு வியன்னாவை விட்டு லண்டனுக்கு ஓட வேண்டியதாயிற்று. கோலரோ 50 ஆண்டுகளுக்கு முன்பே வெளியேறிவிட்டார். அவர் 1944 மார்ச் 21-ந் தேதி நியூயார்க்கில் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 86.

மருந்து மாறியது, வழி மாறவில்லை

கொக்கேன் நல்ல மருந்துதானா? ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் மருந்து அது. பழகிவிட்டால் விடாது. மனிதனை அடிமை ஆக்கிவிடும். ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க டாக்டர், கோலரின் செய்தியைப் படித்ததும் கொக்கேனை ஊசியால் நரம்பில் செலுத்திச் சோதித்தார். சோதனையைத் தம் உடம்பிலேயே செய்தார். கடைசியில் அதற்கே அடிமையாகி அவதிப்பட்டார்.

இளம் டாக்டர்கள் ஆஸ்பத்திரியில் தங்கிப் படிப்படியாகப் பயிற்சி பெறும் முறையை, ஐரோப்பாவைப் பார்த்து அமெரிக்காவில் நிலைநாட்டியவரும் அதே ஹால்ஸ்டெட்தான்.

பிறகு ஆராய்ச்சியாளர்கள், கொக்கேனைப் போல் மரக்கச் செய்து, ஆனால் அடிமை ஆக்காத மருந்துகளைச் செய்தார்கள். புரோக்கேன், லிக்னோக்கேன் முதலியவை அவை. பல் பிடுங்கும்பொழுது ஈறில் போடும் ஊசி, காயத்துக்குத் தையல் போடுமுன் போடும் ஊசி எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவையே. கண் ஆபரேஷனிலும் கொக்கேனின் இடத்தை அவை பிடித்துக்கொண்டன. ஆளை மயக்காமல் உறுப்பை மட்டும் மரக்க வைப்பது என்ற வழி மட்டும் மாறவில்லை. அந்த வழியைத் திறந்தது கோலர் தவளைக் கண்ணில் விட்ட சொட்டு.

கொக்கேனை ருசி பார்த்தவர்கள் பலர். நாக்கு மரத்ததை உணர்ந்தவர்களும் பலர். கோலர் மட்டும் கண்ணை நினைத்தார். குரு சொன்ன குறையை அவர் மறக்கவில்லை. தோற்ற பிறகும் மறக்கவில்லை.

வியன்னா ஆஸ்பத்திரியில் அன்று அந்த உதவி டாக்டர் இடத்தைப் பெற்றவர் பெயர் நமக்குத் தேவைப்படவில்லை. இடம் கிடைக்காதவரின் பெயரை வைத்தியப் புத்தகங்கள் இன்றும் சொல்கின்றன. நம் வீட்டுப் பாட்டி கண் ஆபரேஷன் முடிந்து, வலியே தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே வீடு திரும்பும்பொழுது, அந்தச் சிரிப்பில் கார்ல் கோலருக்கும் ஒரு பங்கு உண்டு.